குதிரைக் கட்டம்

என் வீட்டுக்காரர் தவறிப்போன மறுவருடம், சுங்கைப் பட்டாணியில் அவர் ஆடிவந்த செஸ் கிளப் அவர் பெயரில் ஒரு போட்டி வைத்தது. கிளப் செயலாளர் வீட்டுக்கு வந்து, கோப்பையை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார்.

“குடுக்கிறேன். ஆடவும் செய்வேன்,” என்றேன்.

அவர் சிரித்தார். “அண்ணி, நீங்க பரிசு குடுத்தா போதும்லா. பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க.”

“வரட்டும். நானும் சின்ன ஆள் இல்ல.”

வீம்புக்குச் சொல்லவில்லை. சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதிலேயே என் வீட்டுக்காரர் எனக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது, தோட்டத்து லயத்து வீட்டில். எழுத்து எனக்கு இன்றும் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனால் பலகைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டால் அவர்தான் கன்னத்தில் கை வைத்துக்கொள்ள வேண்டும். டவுனுக்குக் குடிவந்த பிறகும் மாலையில் ஓர் ஆட்டம் நடந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போவார். நான் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன். அந்தக் கிளப்பில் ஒரே ஓர் ஆட்டமாவது தோற்காமல் ஆடிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் வைராக்கியம்.

போட்டியன்று எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தது அந்தச் செயலாளரேதான். நகர்த்தியதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டே ஆடினார். என்னை மட்டும் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆட்டம் நீண்டது. கடைசியில் இரண்டு ராஜாக்களும் ஆளுக்கொரு சிப்பாயும்தான் மிச்சம். என் சிப்பாய் முந்திப் போய், ஆரம்பத்தில் குதிரை நிற்கும் கட்டத்தில் ஏறியது. குதிரையை எடுத்து வைத்தேன்.

“அண்ணி, குதிரையா?”

“குதிரைதான். ஏன், கண்ணு தெரியலையா?”

எங்கள் வீட்டு ஆட்டம் அப்படி. கடைசி வரிசையில் எந்தக் காயின் கட்டத்தில் சிப்பாய் ஏறுகிறதோ, அந்தக் காயாகத்தான் மாறும். செயலாளருடைய சிப்பாய் மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூலை யானையின் கட்டம். யானை வரட்டும், குதிரையை வைத்தே அதைச் சலிக்கவைத்து ஆட்டத்தைச் சமனாக்கிவிடலாம் என்று நினைத்தேன். வீட்டில் எத்தனையோ முறை செய்ததுதான்.

அவர் மூலையில் ராணியை வைத்தார்.

நான் கையைத் தூக்கிவிட்டேன். “இங்க கொஞ்சம் வாங்க. இவரு ஏமாத்துறாரு. யானைக் கட்டத்துல ராணியை வைக்கிறாரு!”

மண்டபமே திரும்பியது. நடுவர் குனிந்து, “எந்தக் கட்டத்துல ஏறினாலும் ராணி எடுக்கலாம்மா. உலகம் பூரா அப்படித்தான்,” என்றார். “பாட்டி வேற கேம் ஆடுதுடா,” என்று பின்னால் ஒருத்தன் சொல்ல, சிரிப்பு எழுந்தது. அதற்கப்புறம் நான் தோற்க அதிக நேரம் ஆகவில்லை.

ஆட்டம் முடிந்தால் காய்களைத் திரும்ப வைத்து, எங்கே பிசகியது என்று பார்ப்பது அங்கே வழக்கம். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். செயலாளர் தம் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு வந்தார். “இது வரைக்கும் ஆட்டம் அண்ணி கையிலதான். இங்க பாருங்க.” என் குதிரையைத் தூக்கிவிட்டு அங்கே ராணியை வைத்தார். “இங்கேர்ந்து சாய்வா அந்த ஓரம் வரைக்கும் ராணி பாக்குது. என் சிப்பாய் ஒரு அடி வச்சா வெட்டு. உதவிக்கு என் ராஜாவும் கிட்ட இல்ல. நான் அவுட்டு.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணன் இதைச் சொல்லித் தரலையா அண்ணி? இங்க அவரு எப்பவும் ராணிதான் எடுப்பாரு. நானே எத்தனை தடவ தோத்திருக்கேன்.”

நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன்: “டவுன்லயும் இப்படித்தான் ஆடுவாங்களா?” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, “எங்க போனாலும் சதுரங்கம் சதுரங்கம்தான்,” என்றார்.

பகலில் அங்கே ராணியை எடுத்த கை, அன்று மாலையே என் எதிரில் குதிரையை எடுத்திருக்கிறது. என்னைத் தோற்கடிக்கப் போட்ட தந்திரமும் இல்லை அது. பாதி நாள் அவரே தோற்பார். நான் வாசலைத் தாண்டி இன்னொருத்தரோடு ஆடப்போவதில்லை என்று அவருக்கு அத்தனை நிச்சயம். வீட்டுக்குள் கிடப்பவளுக்கு ஊர்ச் சட்டம் எதற்கு?

சாயங்காலம், ஜெயித்தவர் கையில் கோப்பையைக் கொடுத்தேன். அடுத்த வருடமும் அண்ணன் பேரிலேயே போட்டி நடக்கும் என்று அறிவித்துவிட்டு, செயலாளர் மைக்கை என்னிடம் நீட்டினார்.

“போட்டி வைங்க. நானும் ஆட வருவேன். அவரு பேரு மட்டும் வேணாம்,” என்றேன்.

தட்டப்போன கைகள் அப்படியே நின்றன. “தோத்த கோவம் போல,” என்று முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கட்டியவர் காலமெல்லாம் என்னை ஏமாற்றினார் என்று அத்தனை பேர் முன்னால் சொல்வதற்கு, தோல்வி தாங்காத கிழவி என்ற பெயரே மேல்.