சுழி விழுந்த நாகு

சைவப்பழம் என்றால் எங்கள் தில்லைநாதன் அண்ணைதான். யாராவது பிறந்தநாள் கேக் நீட்டினால், முட்டை போட்டதா என்று மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார். அப்படிப்பட்ட மனிதர் 1984-இல், லுட்சேர்ன் நகருக்குப் பக்கத்தில், எம்மன்புரூக்கேக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு மாட்டிறைச்சிப் பண்ணைக்கு வேலைக்குப் போனார். அகதிகளாக வந்திருந்த எங்கள் ஆட்களில் சிரிக்காதவர் இல்லை.

"இரும்போடை என்னத்தைக் கதைக்கிறது தம்பி? மாடெண்டால் தலையாவது ஆட்டும்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, இரும்புத் தொழிற்சாலை வேலையை விட்டுப் புறப்பட்டார்.

பண்ணைக்காரர் அலோயிஸ் பரம்பரையாகப் பால் மாடு வளர்த்தவர். யாரும் இவ்வளவுக்கு மேல் பால் கொடுக்கக்கூடாது என்று அரசாங்கம் அளவு வைத்துவிட்டதால் இறைச்சிப் பக்கம் திரும்பினார். ஆனால் அவருடைய பழுப்பு மாடுகள் பாலைக் கொட்டுமே தவிர, அவற்றின் கன்றுகளுக்குத் தொடையில் சதை பிடிக்காது. அதனால் பிரான்சிலிருந்து சிவப்பு லிமூசின் காளை ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார். நல்ல இனத்தை நாசம் பண்ணுகிறான் என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள்.

அவர்கள் சொன்னது எவ்வளவு பிழை என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் தில்லை அண்ணைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மேலே போனால், தேத்தண்ணி தருவதற்கு முன்னமே மாட்டைக் காட்டக் கூட்டிப்போவார். தாயின் பால் கன்றை வளர்க்கும். தகப்பனின் உடம்பு சதையைக் கொடுக்கும். இரண்டும் கலந்தது தாய் தகப்பன் இரண்டு பேரையும்விட உரமாக நிற்கும், வெறும் புல்லைத் தின்றே கொழுக்கும். "ஆனால் சும்மா கலந்தால் காணாது தம்பி. நல்லதைத் தெரிஞ்செடுத்து வைக்கோணும். அதுகளை வைச்சுத்தான் அடுத்த தலைமுறை" என்பார். கன்றுகள் கடைசிவரை தாயோடு மலையில் திரிந்தது அவருக்குப் பெரிய ஆறுதல். இறைச்சிக்கடை லொறி வருகிற காலையில் மட்டும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் அலோயிஸ் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். லுட்சேர்ன் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு நாள் வைத்துவிட்டார்கள். அதே வாரம் லொறியும் வர இருந்தது. தினமும் மாடுகளோடு நிற்கிறவன் நீதான், தாயாக வைக்கவேண்டியதையும் அனுப்பவேண்டியதையும் நீயே பிரித்துவிடு என்று கட்டிலில் கிடந்தபடி தில்லை அண்ணையிடம் சொன்னார்.

அண்ணை பிரித்தார். மறுநாள் பண்ணைக்காரரின் மனைவி றோஸ்மரி எனக்கு ரெலிபோன் எடுத்தார். அலோயிஸ் தன் முழு நம்பிக்கையையும் வைத்திருந்த சிவப்பு நாகை, இன்னும் ஒரு கன்றுகூடப் போடாத இளம் பசுவை, அண்ணை லொறிப் பக்கம் கட்டிவிட்டாராம். காரணம் கேட்டால் "கூடாது, கூடாது" என்ற ஒரு சொல்லைத்தான் ஜெர்மனில் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம்.

நான் பஸ் பிடித்துப் போனேன். றோஸ்மரியோடு தொழுவத்துக்குள் போய் அந்த நாகைப் பார்த்ததும் அதன் அருமை எனக்கே விளங்கியது. தாயைப் போல மூக்கைச் சுற்றி வெள்ளை வளையம், தகப்பனைப் போல அகன்ற பின்பக்கம், அதட்டினாலும் மிரளாத குணம். அலோயிஸ் இத்தனை வருடம் காளையும் பசுவும் சேர்த்துப் பார்த்ததெல்லாம் இப்படி ஒன்றுக்காகத்தான்.

"ஏனண்ணை?" என்றேன்.

அவர் அதன் முதுகு மயிரை விலக்கிக் காட்டினார். முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுழி. "பாடைச்சுழி" என்றார் மெல்ல. ஊரில் மாடு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழியைத்தான். பாடைச்சுழி மாட்டை வைத்திருக்கும் சொந்தக்காரன் பாடையில் போவான் என்று ஒரு நம்பிக்கை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விசரே உங்களுக்கு? சுழியாம் சுழி! மனிசன் ஒருநாள் ரெண்டுநாளிலை செய்த வேலையோ இது? இது போனால் இன்னொண்டு எப்ப பிறக்கும்?"

"தெரியும் தம்பி. எனக்குத் தெரியாதோ?" நாகின் கழுத்தைத் தடவினார். பிறகு, "இதை என்ரை பேருக்கு மாத்தித் தரச்சொல்லி றோஸ்மரியிட்டைக் கேள்" என்றார்.

அப்பன் வீட்டுச் சொத்தைக் கேட்கிற மாதிரிக் கேட்கிறாரே என்று எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. "மாடொண்டு வேணுமெண்டதுக்கோ இவ்வளவு கூத்தும்?"

"எனக்கேன் மாடு?" என்று சீறினார். "நாளைக்கு ஆஸ்பத்திரியிலை அவரை வெட்டப்போறாங்கள். இந்தச் சுழி அவரின்ரை பேரிலை நிக்கக்கூடாது. வாறது எனக்கு வரட்டும். மாடும் போகக்கூடாது, மனிசனும் போகக்கூடாது."

விசா முடிவுகூட வராத மனிதர். ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகள். அந்தச் சுழியை அவர் மனதார நம்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. அவர் சொன்னதை அப்படியே றோஸ்மரிக்கு மொழிபெயர்த்தேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கையை ஏப்பிரனில் துடைத்துவிட்டு நீட்டினார். அங்கே மாட்டு வியாபாரம் கைகுலுக்கினால் முடிந்தது. விலைக்குப் பதிலாக முதல் கன்று பண்ணைக்கு என்று பேச்சு. மறுநாள் லொறி அந்த நாகு இல்லாமல் போனது.

பனி விழுவதற்கு முன் அலோயிஸ் ஊன்றுகோலோடு வீடு வந்தார். மனைவி கதையைச் சொன்னதும் நேரே தொழுவத்துக்குப் போய், தில்லை அண்ணையின் தோளில் கையை வைத்தார்.

அந்த நாகு மலைச்சரிவில் யார் உதவியும் இல்லாமல் கன்று போட்டது. பிறகும் வருடம் தவறாமல் போட்டது. அன்று பழித்த பண்ணைக்காரர்களே அதன் பெண்கன்றுகளைக் கேட்டு வந்தார்கள். கன்று எழுந்து நின்றதும் அண்ணை முதலில் முதுகைத்தான் தடவிப் பார்ப்பார். சுழி இல்லாதது அலோயிசுக்கு. சுழி இருந்தால், அலோயிஸ் எவ்வளவு கத்தினாலும், அது தன்னுடையது என்று பிடிவாதமாக நிற்பார்.

"பயமில்லையோ அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயமில்லாமலோ?" என்றார். "அங்கை பார், மனிசன் ஊண்டுகோலில்லாமல் நடக்கிறார்."