நர்ஸம்மாவின் மடங்கள்

என் டிரங்குப் பெட்டியின் அடியில் பதினோரு பக்கக் கார்பன் நகல் ஒன்று கிடக்கிறது. தாள் பழுத்துவிட்டது, தொட்டால் இன்றும் விரலில் கருநீலம் லேசாக ஒட்டுகிறது. இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் என்றொரு மாவட்டம். அங்கே ஒரு காலத்தில் இருந்த மடங்களின் பட்டியல் அது. டைப் அடித்தது நான். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை மட்டும் ஒரு பேனா குறுக்காக அடித்து, மேலே பெரிய பெரிய எழுத்தில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது. கண் சரியாகத் தெரியாதவர் எழுதியது. வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது.

எழுதியவர் நர்ஸம்மா. வெள்ளைக்காரி. மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பாமல் காஞ்சிபுரத்திலேயே இரண்டு அறை வீட்டில் தங்கிவிட்டார். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேர் அவர் கையில்தான் பிறந்தோம். அவருடைய தமிழும் பிரசவ அறையில் கற்ற தமிழ்தான். ஒரு வெள்ளைக்காரம்மா "இன்னாமா, சாப்டுக்கினு வந்தியா?" என்று கேட்பதை முதல் முறை கேட்டவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். நான் பி.ஏ. முடித்து, டைப்ரைட்டிங் ஹையரும் பாஸ் செய்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. என் வேகத்துக்கு இந்த ஊரே போதாது என்று நினைப்பு. நர்ஸம்மா வீட்டில் ஒரு பழைய டைப்ரைட்டர் இருந்ததால், கை மறந்துபோகாமல் இருக்கட்டும் என்று அம்மா என்னை அங்கே அனுப்பினார். போன அன்றே நர்ஸம்மா ஒரு நோட்டை என் மடியில் வைத்தார். அது அவருடைய தம்பியின் நோட்டு. அந்த மாவட்டத்தின் மடங்களை ஒவ்வொன்றாகச் சைக்கிளில் தேடிப் போய்ப் பார்த்து எழுதியவர் அவர். மடத்தின் பெயர், யார் இருந்தார்கள், இன்று என்ன மிச்சம் என்று மூன்று கட்டம். ஒரு ராஜா நானூறு வருஷத்துக்கு முன்னால் எல்லா மடத்தையும் கலைத்து, கூரை ஈயத்தைக்கூட உருக்கி எடுத்துப் போய்விட்டாராம். அதனால் மிச்சம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'ஒன்றுமில்லை' என்றுதான் இருந்தது.

"இடிஞ்சு போனதுக்கு எதுக்கு நர்ஸம்மா லிஸ்டு?" என்றேன்.

"ஏண்டி, பொறந்ததுக்கு மட்டும்தான் ரிஜிஸ்டரா?" என்றார். "கண்ணுல தெர வுழுந்துக்கினே வருது. இருட்டறதுக்குள்ள முடிச்சு எங்க ஊர் சர்ச் பத்திரிகைக்கு அனுப்பணும். சீக்கிரம் அடி. ஆனா அவசரப்படாத. பிரசவத்துல அவசரப்பட்டா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

நான் அவசரப்பட்டேன். நான்கே நாளில் பதினோரு பக்கம். 'ஒன்றுமில்லை' என்ற சொல்லை அடித்து அடித்து, கண்ணை மூடிக்கொண்டே அடிக்கும் அளவுக்கு விரல் பழகிவிட்டது. கடைசி மடத்துக்கு எதிரே நோட்டில் கட்டம் காலியாக இருந்தது. நான் தறிக்காரர் வீட்டுப் பெண். இழை அறுந்தால் அடுத்த மூச்சில் முடிச்சுப் போட்டு ஓட்ட வேண்டும், துணியில் வெற்றிடம் விடக்கூடாது என்று வளர்ந்தவள். தம்பி எழுத மறந்துவிட்டார் என்று நினைத்து, கேட்காமலே 'ஒன்றுமில்லை' என்று நிரப்பினேன். நர்ஸம்மா தாளைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து, காபி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கடைசி மடம் எங்க கிராமத்துக்குப் பின்னாலயே இருந்ததாம். பக்கத்துலதான இருக்குது, அப்பால பாத்துக்கலாம்னு தம்பி வெச்சிருந்தான். யுத்தத்துக்குப் போனான். வரல. நோட்டுதான் வந்துச்சு. அந்தக் காலிக் கட்டத்தப் பாத்து யாராச்சும் ஒருத்தர் போய்ப் பாத்துட்டு எழுதுவாங்க இல்ல? அப்ப அவன் வேல முடிஞ்சிடும்."

நான் நிரப்பியதை மறைத்திருக்கலாம். அவர் கண்ணுக்குத்தான் எழுத்து தெரியாதே. ஆனால் மனசு வரவில்லை. சொல்லிவிட்டேன்.

நர்ஸம்மா தம்ளரைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. "பாக்காமலே இல்லன்னு சொல்லிட்டியே கண்ணு" என்றார். அப்புறம், "உங்க தெருக் கோடியில ஒரு மடம் இருக்குதே. உள்ள இன்னா இருக்குது?" என்று கேட்டார்.

"அதுல ஒன்னுமில்ல நர்ஸம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போய்ப் பாத்தியா?"

பிறந்ததிலிருந்து அந்த வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனேன். ஒரு நாளும் உள்ளே நுழைந்ததில்லை. அன்று நோட்டும் பென்சிலுமாகப் போனேன். கல்தூண் கூடத்தில் மூங்கில் கட்டிச் சாயம் தோய்த்த பட்டுநூல் சிட்டங்களை உலர்த்தியிருந்தார்கள். ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாமா, கவருமெண்டா? காலி பண்ணச் சொல்ல வந்துக்கிறியா?" என்றார். இல்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் உள்ளே விட்டார். ஊர்ப்பட்ட பேருக்குச் சோறு வடித்த சமையல்கட்டில் உத்தரம் முழுக்கக் கரி. ஒரு ஆள் படுத்துக்கொள்ளும் நீளத்துக்குக் கல்தொட்டி. பின்கட்டில் ஒரு சமாதி, அதன் முன் அகல் எரிந்துகொண்டிருந்தது. யாருடையது என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? மாமியா ஏத்துனாங்க, நானும் ஏத்துறேன்" என்றார், ராட்டையை நிறுத்தாமல்.

இரண்டு பக்கம் எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன். நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில், "வெளக்குக்கு இன்னா எண்ண?" என்றார்.

"கேக்கல."

"போய்க் கேட்டுக்கினு வா."

மறுபடி போனேன். நல்லெண்ணெய். "எண்ணெ கேக்கவா இவ்ளோ தூரம் வந்த? படிச்ச பொண்ணு மாதிரி இருந்துச்சு!" என்று அந்த அக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

மழைக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு விவசாயியின் மனைவி. சர்ச் பத்திரிகையில் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் எழுதியிருந்தார். 'ஒன்றுமில்லை' என்று எழுதியது யார்? வந்து பார்த்தார்களா? எங்கள் மாட்டுத் தொழுவத்தின் வாசல் வளைவு அந்த மடத்தின் வளைவுதான். என் மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான் சொல்கிறோம். இந்த நிமிஷம் அதன் கீழே நான்கு கன்றுகள் நிற்கின்றன. கடைசியில் பண்ணையின் பெயர்.

அந்தப் பெயரை நான் படித்ததும் நர்ஸம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "இன்னொரு தபா படி. மெதுவா." படித்தேன். "அந்தப் பண்ணையிலதான் எங்க வூட்டுக்குப் பாலு. தெனம் காலங்காத்தால தம்பிதான் கேனை எடுத்துக்கினு போவான். சைக்கிள அந்தச் செவுத்துல சாத்திட்டு, அந்த வாசல்லதான் பூந்து பூந்து வருவான். நானும் போயிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே வழியவிட்டார். "அப்ப அவன் பாத்துட்டான். எல்லாத்துக்கும் முன்னாடி அதத்தான் பாத்துக்கிறான்."

அவசரமே இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அநேகமாக வாழ்க்கையில் முதல் முறையாக.

கார்பன் நகலை எடுத்துவரச் சொன்னார். திருத்தி அடிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்று பேனாவைக் கேட்டார். நான் வரியைக் காட்ட, விரலால் தடவி அடித்துவிட்டு எழுதினார்: வாசல் வளைவு ஒன்று. கன்றுகள் நான்கு.

"கன்னுக்குட்டி எப்டி நர்ஸம்மா மடத்தோட மிச்சமாவும்?"

"உசுரோட நிக்குதில்ல?" என்றார், பிரசவ அறை அதட்டலுடன். "அதையும்தான் எழுதணும்."

நர்ஸம்மா போய்ப் பல வருஷமாகிறது. கடைசி இரண்டு வருஷம் முழுசாகப் பார்வை இல்லை. நான் எங்கே போய்வந்தாலும் "இன்னா பாத்த?" என்று கேட்பார், எண்ணி எண்ணிச் சொல்வேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது தெருக்கோடி மடத்துக்குள் நுழைந்தேன். ராட்டை இல்லை. வேறு ஒரு பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நின்று பார்த்துவிட்டு வந்து, அந்தப் பழுத்த கடைசித் தாளில், மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும் அந்த வரிக்குக் கீழே என் கையாலேயே எழுதினேன். தூண்கள் பன்னிரண்டு. கல்தொட்டி. ஸ்கூட்டர் மூன்று, ஒன்றின் சீட்டில் பூனை. அகல் ஒன்று, எரிகிறது. நல்லெண்ணெய்தான், கேட்டுவிட்டேன்.