மாரிக்கனி கம்ப்யூட்டர் பார்க்கிறார்

காதுமடலுக்குப் பின்னால் செருகியிருந்த பஞ்சிழையை எடுத்து, விசிறிகள் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் கேபினட்டின் முன்பக்கத்துக்கு நேராகப் பிடித்தார் மாரிக்கனி. இழை உள்பக்கமாகச் சாய்ந்தது. மேலே பிடித்தார், எழுந்து ஆடியது. பின்னால், அடியில், பக்கவாட்டுச் சந்தில் என்று ஒவ்வோர் இடமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு இழையைக் காதிலேயே செருகிக்கொண்டார்.

“உள்ள வார காத்து கம்மி பாய். வெளிய போறதுதான் கூடுதல். இது சரிப்படாது.”

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜபருல்லா அந்தக் கேபினட்டை அணைத்து அலமாரியில் திருப்பி வைத்தார். எட்டு மாதத்தில் அவர் அப்படித் திருப்பி வைத்த பதினான்காவது கேபினட் அது. “அண்ணாச்சி, இதுக்குள்ள கம்ப்யூட்டர்தான் ஓடப்போகுது, ஸ்பின்னிங் மில் இல்ல” என்றார். மாரிக்கனி அதைச் சட்டை செய்யவில்லை.

மாரிக்கனிக்கு வேலை நூற்பாலையில். பஞ்சு பறக்கும் கூடத்துக்குள் காற்றும் ஈரமும் அளவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பிளாண்டில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். உலகத்தில் எந்தப் பொருளைக் கண்டாலும் காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்காருமுன் ஜன்னலைப் பார்ப்பார். பஸ்ஸில் எந்த சீட்டில் புழுதி அடிக்காது என்று கேட்டால் நம்பரோடு சொல்வார். கேமிங் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் முதலில் கிராபிக்ஸ் கார்டு பார்ப்பார்கள். இவர் கேபினட்டிலிருந்து தொடங்கியதில் ஆச்சரியமில்லை.

கம்ப்யூட்டர் மகனுக்கு. சூர்யபிரகாஷ் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஜெய்சால்மர் பக்கம் இருக்கிறான். லீவில் வந்தால் விளையாட வீட்டில் நல்ல மெஷினாக ஒன்று வேண்டும் என்று பணத்தை அனுப்பிவிட்டு, “ஜபருல்லா கடையில கேட்டு வைங்கப்பா” என்றான். அம்புட்டுதான் சொன்னான். மாரிக்கனி கேட்க ஆரம்பித்தார்.

மொத்தம் எட்டு பாகம். பிராசஸர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கூலர், கேபினட். எட்டையும் மில்லின் பழைய ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, அடித்து, எழுதி, அந்தத் தாள்களே ஒரு கட்டாகிவிட்டன. ஷிப்டு முடிந்ததும் ஜபருல்லா கடைக்கு வந்து ஒரு மணி நேரம் நிற்பார். பிறகு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகத்தில் வீடு. கடைக்கு வருகிற மற்றவர்களுக்கும் யோசனை சொல்வார். அவர் பேச்சைக் கேட்டுப் பதினோரு பேர் கம்ப்யூட்டர் வாங்கிப் போய்விட்டார்கள். அதனால்தான் ஜபருல்லா இன்னும் அவருக்கு ஸ்டூல் போடுகிறார்.

மாரிக்கனியின் மனைவி வெங்கடேஸ்வரிக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. “ஒத்த டப்பா வாங்க எட்டு மாசம் பாக்காரு. என்னைய பொண்ணு பாக்க வந்தப்ப எட்டு நிமிசம்கூட உக்காரல” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விஷயம் வேறு. சூர்யபிரகாஷ் பட்டாளத்துக்குப் போய் ஆறு வருடம். முன்பெல்லாம் மாலை ஏழு மணிக்கு அவன் போன் வந்தால், “சாப்டீங்களாப்பா?” என்பான். “ம்” என்பார். “நீ?” என்பார். “ம்” என்பான். “இந்தா, அம்மாட்ட பேசு.” ஆறு வருடத்தில் அப்பனும் மகனும் பேசியதை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு மணி நேரம் தேறாது. பாசம் இல்லாமலா? மண்டிக் கிடந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்றுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இப்போது முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். பிராசஸர் சூட்டைத் தணிக்கும் கூலர் விஷயத்தில் மட்டும் ஒன்பது நாள் வாக்குவாதம் நடந்தது. சூர்யபிரகாஷ் தண்ணீர் ஓடும் கூலர் வேண்டும் என்றான். “தண்ணி போற எடம் ஒருநா ஒழுகும்லே. இருபத்தாறு வருசமா தொடச்சிக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா?” என்றார் மாரிக்கனி. “இதுல ஒழுகாதுப்பா, சீல் பண்ணது.” “எங்க பிளாண்டுல பைப்பு மாட்டுனவனும் அப்படித்தாம்லே சொல்லிட்டுப் போனான்.” இன்னொரு நாள் பஞ்சுத் தூசி. “மில்லு ராஜபாளையத்துல, கம்ப்யூட்டரு ஸ்ரீவில்லிபுத்தூர்ல. பஞ்சு எப்படிப்பா வரும்?” “எஞ்சட்டையில வருதுல்லலே, தினமும்!” மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பை மாரிக்கனி போனில் கேட்டது அதுதான் முதல் தடவை. வெங்கடேஸ்வரி பக்கத்தில் நின்று, “செத்த நேரம் எங்கிட்டயும் குடுங்க” என்று கை நீட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே எட்டு பாகமும் முடிவாகிவிடக் கூடாது. ஏழு முடிந்து எட்டாவதும் முடிகிற மாதிரி இருந்தால் மாரிக்கனி முதலாவதைக் கலைத்துவிடுவார். கிராபிக்ஸ் கார்டு கேபினட்டில் முட்டும் என்பார். பவர் சப்ளை வயர் கட்டை என்பார். எல்லாவற்றுக்கும் நியாயம் இருக்கும். பொய் சொல்ல மாட்டார். பட்டியல் முடிந்த மறுநாள் போனில் மறுபடி “ம்” தான் என்பது அவருக்குத் தெரியும்.

புரட்டாசியில் சூர்யபிரகாஷ் இருபது நாள் லீவில் வந்தான். இரண்டாம் நாளே அப்பாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஜபருல்லா கடையில் போய் இறங்கினான். “எல்லாத்தையும் எடுங்க பாய், இன்னைக்கே கொண்டு போறோம்.”

மாரிக்கனிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “ஏலே, தையில புது மாடல் வருதாம்ல?” என்றார்.

“தையில நா ஜெய்சால்மர்ல இருப்பேம்ப்பா.”

எட்டு மாதம் பார்த்தது இருபது நிமிடத்தில் முடிந்தது. ஜபருல்லா இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் முகத்திலும் பெரிய சந்தோஷம் இல்லை. நாளையிலிருந்து ஸ்டூலில் யார் உட்காருவார்கள்?

வீட்டில் இருவருமாகத் தரையில் உட்கார்ந்து பூட்டினார்கள். ரேம் பதினாறு ஜிபியில் இரண்டு, முப்பத்திரண்டு ஜிபி. சீப்பு நீளப் பலகைகள். அவற்றை அழுத்தி உட்கார வைக்க மகன் தயங்கியபோது, மாரிக்கனி கட்டைவிரலால் ‘டக்’கென்று உட்கார வைத்தார். மகன் சண்டை விளையாட்டில் உட்கார்ந்தால் விடிந்தது தெரியாது. ஒருநாள் கார் விளையாட்டைப் போட்டு அப்பா கையிலும் கண்ட்ரோலரைக் கொடுத்தான். மாரிக்கனி காரை நேராகக் கொண்டுபோய்ச் சுவரில் மோதி, “பிரேக்கு எங்கலே?” என்றார். லீவு முடியும்வரை அவர் கடைப் பக்கம் போகவில்லை.

மகன் ஜெய்சால்மர் போய்ச் சேர்ந்த அன்று மாலை ஏழு மணிக்குப் போன் வந்தது.

“நல்லா ஓடுதாப்பா?”

“ம். நல்லா ஓடுது.”

“சத்தம் எதும்?”

“இல்ல.”

“சாப்டீங்களா?”

“ம்.”

பிறகு மாரிக்கனி போனை வெங்கடேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றார்.

மறுநாள் ஷிப்டு முடிந்து வந்தவர் மில் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஸ்விட்சை அணைத்தார். வயரைப் பிடுங்கினார். பக்கக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலில் பத்திரமாகச் சாய்த்து வைத்தார். இரண்டு ரேமில் ஒன்றின் கொக்கியை நெம்பி, அதை வெளியே எடுத்து, சுத்தமான கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். கண்ணாடியை மாட்டி மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் ரேம் பதினாறு ஜிபி என்று காட்டியது. அடுப்படி நிலையில் நின்று வெங்கடேஸ்வரி இத்தனையையும் பார்த்தார். போன் வரும் நேரம் என்று போய் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

ஏழு மணிக்குப் போன் வந்தது.

“சாப்டீங்களாப்பா?”

“சாப்பாடு கெடக்கட்டும்லே. முப்பத்திரண்டு காட்ட வேண்டிய எடத்துல பதினாறுதான் காட்டுது. என்னன்னு தெரியல.”

“பதினாறா? எப்படிப்பா?” மகன் குரல் எழுந்து உட்கார்ந்தது. “பயப்படாதீங்க. நா சொல்லுதேன், ஒவ்வொண்ணா பாப்போம். இன்னைக்கு முடியலன்னா நாளைக்குப் பாப்போம். மொதல்ல பக்கத்துல உக்காருங்க.”

“உக்காந்துட்டேன், சொல்லுலே” என்று மாரிக்கனி சட்டைப் பையின் பித்தானைப் போட்டுக்கொண்டார்.