சிவப்பு நூல் கட்டிய டேப்பு

என் கத்தரிப் பெட்டிக்குள் ஒரு துணி டேப்பு சுருண்டு கிடக்கிறது. முதல் ஆறு அங்குலத்துக்கு எண்களெல்லாம் அழிந்து வெறும் மஞ்சள் பட்டையாகிவிட்டது. முப்பத்தைந்தாம் அங்குலத்தில் மட்டும் ஒரு சிவப்பு நூல், ஊசியால் குத்தி இரண்டு முடிச்சுப் போட்டது. அந்த முடிச்சு என் கைவேலை இல்லை. தையல்காரன் முடிச்சு அவ்வளவு கோணலாக இருக்காது. டாக்டர் ஐயா போட்டது அது. புண்ணைத் தைக்கிற கைக்குத் துணி பிடிபடவில்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராஜபாளையம் கடைத்தெருவில் ஒற்றை மிஷினோடு நான் கடை போட்டிருந்தேன். பள்ளிக்கூடம் போனவனில்லை, பொட்டலம் மடித்து வந்த காகிதங்களை வைத்துத்தான் எழுத்துக் கூட்டினேன். ஆனால் பேச்சுக் கேட்பதில் எனக்கு ஈடு கிடையாது. இடுப்பில் டேப்பைச் சுற்றிவிட்டால் போதும், மனுஷன் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பஞ்சுத் தரகு, பங்காளிச் சண்டை, உடம்புக் கோளாறு எல்லாம் வரும். மகாராஜபுரத்தில் பயிர்வைக்கிற சம்சாரி ஒருவர் சட்டைக்கு அளவு கொடுத்தபடியே, “குடத்தைக் கவுத்துக் குடிச்சாலும் எம்புட்டுத் தண்ணியும் மணல்ல ஊத்துன மாதிரி போகுது, தம்பி. உள்ள யாரோ அடுப்பெரிக்காக” என்றார். அந்தப் பேச்சு பிடித்துப்போய், அளவு நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன். அடுத்த பொங்கலுக்குச் சட்டை தைக்க அவர் இல்லை.

டாக்டர் ஐயாவை என் கடைக்கு இழுத்து வந்தது அந்த நோட்டுதான். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நம் பக்கத்துக் கிறிஸ்தவர், என் வயதுக்காரர். பொழுது போகாமல் வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சட்டை ஒன்றும் வேண்டாம் என்றார். என் பழைய அளவு நோட்டுகளைக் காட்ட முடியுமா என்று கேட்டார். ஏன் என்றதற்கு அவர் சொன்னதை இன்றும் அப்படியே சொல்வேன்.

“குண்டா இருக்கவனுக்குத்தான் நீரிழிவுன்னு சீமைப் புஸ்தகத்துல போட்டிருக்கு. எங்கிட்ட வாரவியளைப் பாருங்க, கை காலெல்லாம் குச்சி மாதிரி இருக்கு. வயிறு மட்டும் தனியா வளந்திருக்கு. அது எப்பம் வளர ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியணும். அதை வருஷா வருஷம் எழுதி வச்சிருக்கவர் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்.”

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எட்டு நோட்டையும் தூக்கிக் கொடுத்தேன். வாரம் ஒரு நாள் பஸ்ஸில் வருவார். என் மேஜையின் மூலையில் உட்கார்ந்து பெயர், வயது, வயிற்றளவு என்று தன் பெரிய நோட்டில் ஏற்றுவார். அப்போதுதான் டேப்பில் சிவப்பு நூலைக் கட்டினார். நூலைத் தாண்டிய ஆட்களையெல்லாம் நயமாகப் பேசி அவரிடம் அனுப்புவது என் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் நீலத் தண்ணீரில் சில சொட்டு மூத்திரத்தை விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, தப்பித்தோம். பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் ஆபத்து. மஞ்சளில் பிடித்து, சோற்றைக் குறைத்து, நடக்கவைத்து, நான்கைந்து பேரைத் திரும்ப நீலத்துக்கே கொண்டுவந்தார். சீக்கிரம் பிடித்தால் காப்பாற்றலாம் என்பதில் அவருக்கு அத்தனை நம்பிக்கை. மெட்ராஸுக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

எங்கள் தொழிலின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கடையில் நாலு பேர் நிற்கும்போது அளவை உரக்கச் சொல்லித்தான் எழுதுவோம். தொந்தி வைத்த பெரிய மனுஷனின் வயிற்றளவை உள்ளபடி கூவினால் அவர் முகம் சுண்டிப்போகும். அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார். அதனால் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் குறைத்துச் சொல்வோம், சொன்னதையே எழுதுவோம். உண்மை அளவு வெட்டுகிறவன் மனசில் இருக்கும், சட்டை சரியாகவே வரும். எங்களுக்கு அது பொய்யே இல்லை, மரியாதை. டாக்டர் ஐயா ஏற்றிய எண்களெல்லாம் இப்படிச் சொன்ன எண்கள்தான் என்பது முதல் வாரமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தபோது அவர் இரண்டு நோட்டுகளை முடித்திருந்தார். அவர் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலத்தில் என்ன கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் அக்காவைக் கட்டிய அத்தான் பஞ்சுத் தரகர். ஒல்லிக் கை, ஒல்லிக் கால், வேட்டிக் கட்டுக்கு மேலே பானையைக் கவிழ்த்த மாதிரி வயிறு. ஒரு நாள் கோட்டு தைக்க வந்தார். மூலையில் டாக்டர் ஐயா எழுதிக்கொண்டிருந்தார். அத்தான் என் காதுக்குள், “ஏலே மாப்ளே, உள்ளதைச் சொல்லித் தொலைச்சிராத. உங்க டாக்டரு எஞ் சோத்துல கையை வச்சிருவாரு. உங்கக்கா சமையல்ல அந்தச் சோறு ஒண்ணுதான் வாயில வைக்கிற மாதிரி இருக்கும்” என்றார். சிரிப்பு வந்தது. டேப்பு முப்பத்தேழைக் காட்டியது. நான் முப்பத்துநாலரை என்று கூவினேன். டாக்டர் ஐயா தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு நாள் முழுக்கச் செருப்பில் நீட்டிய ஆணி குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தானுக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் செருப்புக்குள் ரத்தத்தைப் பார்த்த அக்காதான் அலறியிருக்கிறாள். மஞ்சள் அரைத்துக் கட்டினார்கள். பத்து நாளில் கால் கறுத்தது. வண்டி கட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். நீலத் தண்ணீர் விளக்கில் வைத்த செத்த நேரத்தில் செங்கலாகிவிட்டது. டாக்டர் ஐயா தன் பெரிய நோட்டைப் புரட்டி அத்தான் பெயரில் விரலை வைத்தார். பிறகு, படுத்திருந்தவர் வயிற்றைச் சுற்றித் தன் கையாலேயே டேப்பைப் போட்டார். எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். சீமையிலிருந்து வந்திருந்த புது ஊசி மருந்துக்கு டாக்டர் ஐயா மதுரைக்கு ஆள் விட்டார். ஐஸ் பெட்டியில் அது வந்து சேர்ந்த அன்று காலையில் அத்தான் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் போய் டாக்டர் ஐயா முன்னால் நின்றேன். வழக்கத்தையெல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கிறவர் மாதிரி, ஆளுக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டார். ஒரே அளவாகக் குறைத்திருந்தால் கூட்டிக்கொள்ளலாமே என்ற கடைசி நப்பாசை அது. ஆளைப் பார்த்துக் குறைப்போம், ஒல்லியானவருக்குக் குறைப்பதே இல்லை, வயிறு கூடக் கூட அதிகம் குறைப்போம் என்றேன்.

பெரிய நோட்டை எடுத்து விரித்தார். “யாருக்கு வயிறு கூடுச்சோ, அவிய கிட்டதான் குறைச்சிருக்கீங்க. நான் தேடுனது அதைத்தான்” என்றார். பெரிய நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். ஏழு வருஷ வேலை. மெட்ராஸுக்கு எழுதிய கட்டுரையையும் நாலாக மடித்து அதற்குள் வைத்துவிட்டார். என் டேப்பை என் கையிலேயே கொடுத்து, “இனிமே உள்ளதைச் சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான்.

உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தேன். பெரிய வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். டாக்டர் ஐயா புது நோட்டுப் போட்டார். இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலேயே, வெற்று உடம்பில், மூச்சை விடச் சொல்லி. விடுமுறை நாளில் நானும் போய் அளந்து கொடுத்தேன். இவ்விதமான ஆராய்ச்சிக்கு வருஷங்கள் வேண்டும். அவரிடம் வருஷங்கள் இல்லை. இரண்டாம் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு விஷக் காய்ச்சலில் ஒன்பதே நாளில் போய்விட்டார். நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். பின்னால் வந்த டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்து, நல்ல முயற்சி என்று சொல்லி அலமாரியில் வைத்தார். அது அதன்பிறகு வெளியே வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

போன மாதம் அக்கா தன் மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவனுக்குக் கல்யாணச் சட்டை. அதே ஒல்லிக் கை, ஒல்லிக் கால். டேப்பைச் சுற்றியதும் வயிற்றை எக்கிக்கொண்டான். மூச்சை விடுலே என்றேன். விட்டான். சிவப்பு நூல் அவன் தொப்புள்வரை எட்டவில்லை. டேப்பின் முனை நூலைத் தாண்டி முப்பத்தாறில் போய் நின்றது.

“மாமா, பொண்ணு வீட்டுக்காரவிய நிக்காவ. ரெண்டு குறைச்சுச் சொல்லுங்க” என்று சிரித்தான்.

முப்பத்தாறு என்று கூவினேன். பெண் வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சுண்டியது. நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு என்னுடன் ஸ்ரீவில்லிபுத்தூர் வரவேண்டும் என்றேன்.

அக்கா என் கையிலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் போன இந்த இருபது வருஷத்தில் ஒரு நாளும் கேட்காததை அன்றைக்குக் கேட்டாள்.

“அவியளுக்கு எம்புட்டுடா இருந்துச்சு?”

நோட்டில் முப்பத்துநாலரை என்று இன்னும் இருக்கிறது. குறுக்கே டாக்டர் ஐயாவின் கோடு இல்லாத நோட்டு, என்னுடையது.

“முப்பத்தேழு” என்றேன்.