பாராமல் எழுதியது

என் கட்டுரையின் மூன்று பக்கங்கள் ஒரு பாடநூலோடு காற்புள்ளிகூடத் தவறாமல் ஒத்துப்போகின்றன என்று பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அப்போது நான் வார்டில், ஒரு முதியவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்திருந்தேன். இணையவழியில் விசாரணையாம். பார்த்து எழுதினேன் என்று முடிவானால், வேலையோடு சேர்த்துப் படிக்கும் பட்டப்படிப்பிலிருந்து நீக்குவார்கள். தாதியர் பதிவுச் சபைக்கும் அறிவிக்கலாம். பதிவு போனால் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும்.

ஆனால் நான் பார்த்து எழுதவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் பாடம் கேட்காமல் என்னைப் படுக்க விடமாட்டார். ஒரு பக்கத்தை இரண்டு தரம் ஒப்புவிக்க வேண்டும். இரண்டாம் தரம் ஒரு சொல் மாறினாலும், "பிழை. முதல் வேற மாதிரியெல்லோ சொன்னனீ" என்பார். வாசிக்கத் தெரியாதவர் பிழை பிடிக்க வேறு வழி இல்லை. அப்படித்தான் வகுப்பில் முதலாவதாக வந்தேன், தாதியாகி லண்டன் வரை வந்தேன். படிப்பது என்றால் எனக்குப் பாடமாக்குவது, சொல் பிசகாமல் மனப்பாடம் செய்வது. படுக்கைப்புண் பற்றிய அந்தக் கட்டுரைக்கும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் முழு அத்தியாயத்தையும் பாடமாக்கினேன். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதினேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அம்மா அப்போது விசிட் விசாவில் வந்து, லண்டனில் வால்தம்ஸ்டோப் பகுதியில் என் அறையில் தங்கியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"என்னவாம்?"

"நான் பாத்து எழுதினதெண்டு சொல்லினம் அம்மா."

"நீ பாத்தனீயோ?"

"இல்லை."

"பின்னை என்ன பயம்? அவையளுக்கு முன்னால சொல்லிக் காட்டு. வாயடைச்சுப் போவினம்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

விசாரணையன்று திரையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இருந்தார்கள். அம்மா கமெராவில் தெரியாதபடி கட்டிலில் இருந்தார். இந்தப் பக்கங்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அந்தப் பெண் தன்மையாகக் கேட்டார்.

"எங்கிருந்தும் எடுக்கவில்லை. எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. சொல்லிக் காட்டுகிறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். ஓரிடத்திலும் தடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. ஒரு சொல்லும் விளங்காமலே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்: இன்னொருக்கால் சொல்லு.

திரையில் அந்த ஆண் தன் பேனையைக் கீழே வைத்தார்.

"போதும்" என்றார் அந்தப் பெண். "நாங்கள் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். நினைவிலிருந்து எழுதினாலும் அவை இன்னொருவரின் சொற்கள். உங்கள் சொற்களில் எழுதியிருக்க வேண்டும்."

ஆங்கிலத்தில் என் சொற்கள் என்று என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அதுவும் பாடமாக்கியதுதான்.

ஒரு கிழமையில் முடிவு வந்தது. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள், சபைக்கு அறிவிக்கவில்லை. கட்டுரைக்குப் பூச்சியம். ஒரே ஒரு தரம் திரும்ப எழுதலாம். அதுவும் சரிவராவிட்டால் படிப்பு அதோடு சரி.

லீவு நாள் முழுக்க மடிக்கணினிக்கு முன்னால் இருந்தேன். ஒரு சொல்லை மாற்றினால் வசனம் பிழையானது. மாற்றாவிட்டால் அது புத்தகத்தின் வசனம்.

"என்ன பிள்ளை, கல்லு மாதிரி இருக்கிறாய்?"

"படுக்கைப்புண் ஆருக்கு வருமெண்டு எழுத வேணும்."

"ஆருக்கு வரும்?"

"நோகுதெண்டு சொல்ல ஏலாத ஆக்களுக்கு. வாய் திறந்து கேக்கிற ஆக்களைத் திருப்பிப் படுக்க விடுவினம்தானே."

சொன்ன பிறகுதான், அது புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை என்று உறைத்தது. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். சின்னப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தது, வெட்கமாக இருந்தது. அதன் கீழே ஆதார நூல் வேறு காட்ட வேண்டும். யாருடைய பெயரைப் போடுவது?

அழிக்கவில்லை. அடுத்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். புத்தகத்தின் வசனங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு பிழையும் இல்லாமல், வந்துகொண்டே இருந்தன.