ஒண்ணாம் தேதிக்காரர்

ஜனவரி 1: உடற்பயிற்சிக் கூடம், ஓராண்டுக் கட்டணம், 12,000
மார்ச் 1: ஓட்டக் காலணி, 4,350
மே 1: சைக்கிள், பூட்டு உட்பட, 9,800
ஆகஸ்ட் 1: எடை பார்க்கும் கருவி, 1,450
ஆகஸ்ட் 6: அதைவிடத் துல்லியமான எடை பார்க்கும் கருவி, 2,900
நவம்பர் 1: நீச்சல் குளம், மூன்று மாதச் சந்தா, 3,000
ஆக மொத்தம், 33,500

ஒரே மனிதர் ஒரே ஆண்டில் உடம்பைக் குறைக்கச் செய்த செலவு இது. ஆண்டின் தொடக்கத்தில் அவர் எடை தொண்ணூற்று நான்கு கிலோ; முடிவில் தொண்ணூற்று ஏழு.

அவர் எடையளவுத் துறையில் ஆய்வாளர். கடைக்காரர்களின் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது வேலை. ஐம்பத்திரண்டு வயது. மேசை ஓரத்துக்கு இணையாக இல்லாத பேனாவைப் பார்த்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. தங்கை ஆணிக்கடை வைத்தபோது, சொந்தத் தங்கையின் தராசைத் தான் சோதிப்பது முறையல்ல என்று அதை அடுத்த வட்டத்து ஆய்வாளரிடம் மாற்றிக் கொடுத்தவர். அந்தத் தங்கைதான் அவருக்கு ஒண்ணாம் தேதிக்காரர் என்று பெயர் வைத்தாள்.

பெயருக்குக் காரணம் உண்டு. எதையும் அவர் மாதத்தின் முதல் நாளில்தான் தொடங்குவார். இடையில் ஒரு நாள் தவறிவிட்டால் அந்த மாதமே கெட்டுவிட்டது என்று கணக்கு. கெட்ட மாதத்தை ஒட்டுப்போட்டு ஓட்ட அவருக்கு மனம் வராது. அடுத்த ஒன்றாம் தேதி சுத்தமாகத் தொடங்கிக்கொள்ளலாம் என்று, அதுவரை கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிடுவார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 20 அன்று மருத்துவமனையிலிருந்து முதல் கடிதம் வந்தது. தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. வாரம் மூன்று முறை இயந்திரத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். வீட்டில் எல்லாரையும் சோதித்ததில் அண்ணனுடையது மட்டுமே பொருந்தியது. ஆனால் இந்த எடையோடும் ரத்த அழுத்தத்தோடும் அவர் உடம்பில் கத்தி வைக்க முடியாது, எண்பத்தாறு கிலோவுக்கு இறங்க வேண்டும், நவம்பர் 20 அன்று மறுபடி பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"பதினோரு கிலோ. ஒன்பது மாசம் இருக்கு. தாராளம்," என்றார் மனைவியிடம்.

"இன்னைக்குச் சாயங்காலமே ஒரு சுத்து நடந்துட்டு வாங்களேன்."

"மார்ச் ஒண்ணுலேருந்து."

மனைவி சைக்கிள்மேல் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தாள்.

மார்ச் ஒன்றாம் தேதிக்குள் அவர் செய்த வேலைகள் பல. வீட்டு எடைக் கருவியை அலுவலகத்துக்குத் தூக்கிப்போய்ச் சோதனைக் கற்களை வைத்துப் பார்த்தார். முந்நூறு கிராம் கூடக் காட்டியது. அதைச் சரிசெய்தார். நான்கு நிற மையில் அட்டவணை வரைந்து சுவரில் ஒட்டினார். தினமும் காலை ஐந்தரைக்கு ஐந்து கிலோமீட்டர் நடை. பதின்மூன்று நாள் ஒழுங்காகப் போனது. பதினான்காம் நாள் விடியற்காலையில் சந்தையில் ஆய்வு. சாயங்காலம் நடந்திருக்கலாம்தான். ஆனால் அட்டவணையில் காலை என்றல்லவா இருந்தது? அதைக் கிழித்துப் போட்டார்.

ஏப்ரலில் அலுவலக எழுத்தர் ஒருவர் ஓய்வு பெற்றார். கேக் வெட்டி ஒரு துண்டை வாயில் ஊட்டியே விட்டார்கள். நாள்தான் போய்விட்டதே என்று மேலும் மூன்று துண்டு தின்றார். மே மாதத்தை முதல் வார மழை கொண்டுபோனது. ஜூனை நான்காம் தேதிக் காய்ச்சல்.

இதற்கிடையே அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் மூன்று முறை எழுந்துபோய் அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். எடை பார்க்கும் கருவியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் போய் ஏறி நிற்பார். ஜூன் 11 காலை அது காட்டியது தொண்ணூற்றெட்டு.

அன்று பகல் தங்கைக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்தார். இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. அவர் எழுந்தார், உட்கார்ந்தார், அவள் போர்வையின் ஓரத்தை நேர்செய்தார், மறுபடி எழுந்தார்.

"என்னண்ணா, நாற்காலியில ஆணி ஏதாச்சும் இருக்கா? என் கடை ஆணின்னா சொல்லு, எடுத்து வெச்சுக்கிறேன்."

"ஒண்ணுமில்ல."

"இப்ப எவ்வளவு?"

எடையில் பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழாது. "தொண்ணூத்தெட்டு."

அவள் கூரையைப் பார்த்தாள். "ஏறிடுச்சு."

"ஜூலை ஒண்ணுலேருந்து சரியா..."

"இன்னைக்கு பதினொண்ணு. இன்னும் இருபது நாள் என்ன செய்யப் போற?"

அவர் போர்வையின் மறு ஓரத்துக்குக் கையைக் கொண்டுபோனார். அவள் தட்டிவிட்டாள்.

"இந்த மெஷின் இருக்கே, நல்ல கிட்னி செய்யிறதுல கால்வாசி கூடச் செய்யாதாம். நர்ஸ்தான் சொன்னாங்க. முழுசா செய்யாட்டி வேணாம்னு நானும் உன்ன மாதிரி வீட்ல உக்காந்திருந்தா, இந்நேரம் என் படத்தைச் சுவத்துல மாட்டியிருப்பீங்க. அதையும் நீ ரசமட்டம் வெச்சு நேரா மாட்டியிருப்ப."

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார்.

"விளையாடாத."

"யாரு விளையாடறா? என் கடைத் தராசு பத்து கிலோவுக்கு அஞ்சு கிராம் கூடக் குறைய காட்டினா உங்க ஆளுங்க என்ன செய்வாங்க? தூக்கிப் போட்டு உடைப்பாங்களா?"

"அது வரம்புக்குள்ள. முத்திரை குத்துவோம்."

"ஆணிக்கு இருக்கிற வரம்பு அண்ணனுக்குக் கிடையாதா?"

"அது சட்டத்துல எழுதியிருக்கு."

"அப்ப நீயும் எழுதிக்கோ. போ, எனக்குத் தூக்கம் வருது."

வெளியே வந்தவர் பஸ் நிறுத்தத்தில் நின்றார். இரண்டு பஸ் போனது. பிறகு அலுவலகச் செருப்போடு, கையில் பையோடு, நடக்கத் தொடங்கினார். தேதி பதினொன்று, நேரம் பிற்பகல் மூன்று, வெயில். எந்த அட்டவணையிலும் சேராத நடை. பாதி தூரத்தில் குதிகால் உரிந்தது. மீதியை பஸ்ஸில் போனார். இறங்கியதிலிருந்து அந்த விட்டுப்போன பாதி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. திரும்பிப் போய் அந்த இடத்திலிருந்து நடந்து முடித்துவிடலாமா என்றுகூட நினைத்தார்.

வீட்டில் மனைவி செருப்பையும் குதிகாலையும் பார்த்தாள். "நடந்தீங்களா?"

"பாதிதான்."

"நேத்து எவ்வளவு?"

அவர் காகிதம் எடுத்துத் தனக்கு ஒரு வரம்பு எழுதினார். வாரத்தில் இரண்டு நாள் தவறலாம். தொடர்ந்து இரண்டு நாள் கூடாது. முடியாத நாளில் தெருமுனை வரை போய்த் திரும்பினாலும் நடைதான். வரம்பு மீறிச் சாப்பிட்டால் அந்த வேளையோடு சரி. அடுத்த வேளை வழக்கம்போல். எழுதியதைப் படித்தபோது, மோசடிக் கடைக்காரனுக்குச் சலுகை கொடுத்ததுபோல் அவருக்குக் கூச்சமாக இருந்தது. மனைவி எடை பார்க்கும் கருவியை அலமாரிக்கு மேலே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறக்கித் தருவதாக ஏற்பாடு.

அதன்பின் வந்த மாதங்களை அழகானவை என்று சொல்ல முடியாது. ஜூலையில் ஒரு வாரம் முழுக்கத் தெருமுனையோடு திரும்பினார். ஒரு சனிக்கிழமை மைத்துனர் வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, "இந்த மாசம் போச்சு, ஆகஸ்ட் ஒண்ணுலேருந்து பாத்துக்கலாம்," என்று ஆரம்பித்தார். மனைவி, "ராத்திரிச் சாப்பாடு எப்பவும்போலத்தானே?" என்று மட்டும் கேட்டாள். அவருக்கு எரிச்சல் பொங்கியது. ஆனாலும் வழக்கம்போல்தான் சாப்பிட்டார். மறுநாள் காலை அரை மனதோடு, அரை தூரம் நடந்தார். பாதி நாள் எல்லாம் நாள்தானா என்ற சந்தேகம் அவரை விடவே இல்லை, சந்தேகத்தோடேயே நடந்தார்.

நவம்பர் 16, ஞாயிறு. கருவி எண்பத்தாறு புள்ளி ஏழு என்றது.

அவர் இறங்கி ஏறினார். அதே எண். போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே நடக்க ஆரம்பித்தார்.

"யாருக்குப் போன்?" என்றாள் மனைவி.

"மருத்துவமனைக்குத்தான். இன்னும் எழுநூறு கிராம் இருக்கு. டிசம்பர் ஒண்ணுக்கு மாத்திக் கேட்டா சரியா எண்பத்தாறுல போய் நிக்கலாம்."

"கேளுங்க. அப்படியே அவளுக்கும் போன் பண்ணி, இன்னும் அஞ்சு தடவை மெஷின்ல படுக்கச் சொல்லுங்க."

அவர் நின்றார். நின்ற இடத்திலேயே மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். ஐந்துதான். போனை மேசைமேல் வைத்தார், கோணலாக. அதை நேர்செய்யக்கூடத் தோன்றவில்லை.

நவம்பர் 20 அன்று மருத்துவமனைத் தராசில் ஏறினார். எண்பத்தேழு புள்ளி ஒன்று.

"சிஸ்டர், வீட்ல எண்பத்தாறு புள்ளி..." என்று தொடங்கியவர் கண்ணில் தராசின் பக்கவாட்டு முத்திரை பட்டது. அவரே குத்தியது. வரம்புக்குள் இருக்கிறது என்று அவரே கையெழுத்துப் போட்ட தராசு. வாயை மூடிக்கொண்டு இறங்கினார்.

மருத்துவர் ஐந்து மாத ரத்த அழுத்தக் குறிப்புகளைப் புரட்டினார். "பிரஷர் நல்லா நிக்குது. எண்பத்தேழா, பரவாயில்ல. ஆபரேஷனுக்கு அனுமதி தர்ற குழு பாத்துட்டு எழுதுவாங்க."

"எண்பத்தாறுன்னு சொன்னீங்களே, டாக்டர்?"

"சொன்னேன். அதுக்காக ஒரு கிலோவுக்கு உங்களைத் திருப்பி அனுப்புவேனா? தொடர்ந்து நடங்க."

காத்திருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது. வாசலில் காலடிச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவார். நவம்பர் 28 அன்று வந்த கடிதம் சோதனைக்கு இன்னொரு முறை ரத்தம் கொடுக்கச் சொன்னது. கொடுத்தார். மறுநாள் கை வலி. தெருமுனை வரைதான் போனார். டிசம்பர் 1 வந்ததும் போனதும் அவருக்கு ஞாபகமில்லை. அன்று மற்ற நாள்போல் நடந்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார்.

எட்டு நாள் கழித்து, மழையில் பாதி வழியில் திரும்பி, நனைந்த காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். ஈரக் கையோடு பிரித்தார். குழு சம்மதித்திருந்தது. அறுவை சிகிச்சை ஜனவரி 8. ஒரு காலில் காலணியோடேயே தங்கைக்குப் போன் செய்து படித்துக் காட்டினார்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எட்டாம் தேதியா? உனக்கு ஆகுமா?" என்றாள்.

"ஆகும்," என்றார்.

கடைசிக் கடிதம் வந்த நாள்: டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை.