கிளெனின் வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ்

சென்ற செவ்வாய்க்கிழமை, இங்கே ஓமானில், சோஹார் ஆலையின் கன்ட்ரோல் ரூமுக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது செந்திலிடமிருந்து போன் வந்தது. அபுதாபி பக்கம் ருவைஸில் என்னோடு வேலை பார்த்தவன், திருநெல்வேலிக்காரன். எதையும் கேலியில்தான் ஆரம்பிப்பான். அன்று நேராக விஷயத்துக்கு வந்தான். "கிளென் அண்ணாச்சி போயிட்டாருலே. அங்க அறுவடை நேரமாம். மெஷின்ல இருந்து இறங்குனவரு அப்படியே உக்காந்துட்டாராம். ஜேன் மேடம் மெயில் போட்டிருக்காங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது பயம். துக்கம் அன்று சாயங்காலம் ரூமுக்குப் போன பிறகுதான் வந்தது. ருவைஸ் குவார்ட்டர்ஸில் இருந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நம் அத்தனை பேருக்காகவும் சேர்த்துப் பயப்படுவதற்கு ஒரு ஆள் இருந்தார். நாம் அவரைக் கிண்டல் செய்துகொண்டு நிம்மதியாக இருந்தோம்.

கிளென் பம்ப் பராமரிப்புப் பிரிவில் சூப்பர்வைசர். நான் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். பிரஷர் கேஜ், டிரான்ஸ்மிட்டர் எல்லாம் சரியான அளவு காட்டுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. அவர் பிரிவும் என் பிரிவும் ஒரே போர்ட்டா கேபினில் இருந்தன. எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. நான் ஒருமுறை சோதித்துக் கையெழுத்துப் போட்ட கேஜை அவர் மறுபடி தட்டிப் பார்ப்பார். "என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று ஒரு நாள் கேட்டேன். "உன்மேல் இருக்கிறது. கேஜ்மேல் இல்லை" என்றார். செந்தில் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவான். அவரும் அது ஏதோ பதவிப் பெயர் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்.

ஆஸ்திரேலியாவில் கடற்கரை நகரங்களிலிருந்து வெகுதூரம் உள்ளே, கோதுமை விளையும் ஊர் அவருடையது. மழை பொய்த்துக்கொண்டே போனதால் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு ருவைஸுக்கு வந்தார். டிசம்பர் பிறந்தால் அவருக்கு நிலைகொள்ளாது. நமக்கு ருவைஸில் வருஷத்திலேயே நல்ல மாதம் அதுதான். ஏசியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்போம். அவருக்கோ அது பிடிக்காது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிறிஸ்துமஸா என்று முணுமுணுப்பார். அவர் ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் நாற்பத்திரண்டு டிகிரி. உறவுக்காரர்கள் முந்நூறு கிலோமீட்டர் காரோட்டி வந்து வராந்தாவில் வரிசையாகப் படுத்துக் கிடப்பார்கள். பைன் மரம் கிடையாது. யூகலிப்டஸ் கிளை ஒன்றை வெட்டி, தகர டின்னில் கல் போட்டு நிறுத்தி, அதில் ஜிகினாத் தாள் சுற்றுவார்கள். குளிக்கிற தொட்டி நிறைய ஐஸ் கட்டி, அதற்குள் பீர். அந்தப் புழுக்கத்தில் அடுப்பை மூட்டி முழுக் கோழியும் ஆட்டுத்தொடையும் வேகவைப்பார்கள். மாமா ஒருவர் கம்பளித் தாடியோடு டிராக்டரில் வந்து மிட்டாய் வீசுவார். ஒரு வருஷம் அவருக்கு மயக்கமே வந்துவிட்டதாம்.

அந்தக் கதைகளிலும் பயம் இருந்தது. கார்கள் எல்லாம் வாசல் கேட்டைப் பார்த்தபடி, சாவியோடு நிற்க வேண்டும். காய்ந்த வயல், ஒரு பொறி போதும். சாப்பாட்டு மேஜையில் யாராவது ஒருவர் ஜன்னல் பக்கம் முகம் வைத்து உட்கார வேண்டும், புகை தெரிகிறதா என்று பார்க்க. இப்படி ஒரு பண்டிகை எதற்கு என்று கேட்டேன். "பண்டிகை அன்றைக்குத்தான் எல்லாரும் கவனமில்லாமல் இருப்பார்கள்" என்றார்.

ருவைஸில் கிறிஸ்துமஸுக்கு லீவு கிடையாது. அதனால் அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போகாமல் மிஞ்சியவர்களை எல்லாம் அவர் மனைவி ஜேனும் அவரும் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள். ஹாம் மாஃபி, பன்றிக்கறி கிடையாது என்று சிரித்துக்கொண்டே சுட்ட கோழியை அறுப்பார். இறாலை வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்து, ஐஸில் போட்டுக் கொடுப்பார். செந்தில் மனைவி கவிதா அதைப் பார்த்துவிட்டு, பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு என்று சொல்லி, தன் பங்கை மசாலா போட்டு வறுத்துவிடுவாள். குப்பைத் தொட்டியை ஸ்டம்பாக வைத்து கிரிக்கெட். ஒருமுறை தரையில் குத்தி வந்த பந்தை ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட். நம் தெருவில் இருந்த அதே விதி அவர்கள் பண்ணையிலும் இருந்தது. அதில் மட்டும் நாங்கள் சண்டை போட்டதில்லை.

அப்புறம் அந்தச் சிவப்புத் தொப்பி. அவர்கள் பண்ணையில், ஆடுமாடு குடிக்க வெட்டிய குளத்தில் கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகள் எல்லாம் இறங்கிவிடுவார்கள். கரையில் ஒரு பெரியவர் சிவப்புத் தொப்பி போட்டு உட்கார வேண்டும். தொப்பி போட்டவர் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. தண்ணீரில் இருக்கும் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது நிமிடம் கழித்து அடுத்தவரிடம் தொப்பியைக் கொடுக்கும்போது எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் தானே எண்ணிப் பார்த்துவிட்டு அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் தொப்பி கை மாறும். "நான் சொல்லும் எண்ணை நம்பாதே. நீயே எண்ணு." இதை ருவைஸ் கடற்கரையில் ஒவ்வொருவரிடமும் சொன்னார். தொப்பி போட்டு உட்கார வைத்த முதல் வருஷமே எனக்கு எரிச்சல். முட்டளவு, இடுப்பளவு தண்ணீர், கரை நிறையப் பெற்றவர்கள். இதற்கு ஒரு காவல் வேறா?

இரண்டாவது வருஷம். மதியம் இரண்டு மணி இருக்கும். கிளென் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டி, பதினொன்று என்றார். நான் எண்ணினேன். பதினொன்று. சொன்னேன். அவர் கோழியைப் பார்க்கப் போனார். எனக்கு அடுத்து செந்தில். கொஞ்ச நேரத்தில் கிரிக்கெட்டில் என் பேட்டிங் முறை வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். செந்தில் பக்கத்திலேயே தட்டோடு உட்கார்ந்திருந்தான். வாங்கிக்கோ என்றேன். "இருலே, இந்த ஒரு எறாவ முடிச்சுக்கிடுதேன்" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. தொப்பியை அவன் தலையில் கவிழ்த்து, "பதினொண்ணு" என்று சொல்லிவிட்டு ஓடினேன். எண்ணவில்லை.

இரண்டு ஓவர் ஆடினேன். திரும்பிப் பார்த்தபோது செந்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவன் விரல் காற்றில் நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போனேன். "எலே, பத்துதாம்ல இருக்கு" என்றான். மறுபடி எண்ணச் சொன்னேன். மூன்று முறை எண்ணிவிட்டதாகச் சொன்னான்.

எங்கள் முகத்தைப் பார்த்தே கிளெனுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தில் கிடந்த விசிலை ஊதினார். பிள்ளைகள் எல்லாம் கரையேறினார்கள். அம்மாக்கள் ஓடி வந்து அவரவர் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார்கள். என்னுது ரெண்டும் இருக்கு என்றாள் கவிதா. மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். ஒருவர் பிள்ளையும் குறையவில்லை. எனக்கு உயிர் வந்தது. கிளெனிடம் போய், எல்லாப் பிள்ளைகளும் அம்மாவிடம் இருக்கின்றன, நாம்தான் தப்பாக எண்ணியிருக்கிறோம், கலாஸ், விஷயம் முடிந்தது என்றேன்.

"நான் பதினொன்று எண்ணினேன்" என்றார். "நீயும் எண்ணினாய்."

பிறகு அவர் செய்தது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, பிள்ளைகளிடம் கேட்டார். யார் இங்கே இல்லை? கவிதாவின் பெண் அனு உடனே சொன்னாள், மிக்காவைக் காணோம் என்று.

கவிதா ஜேனைத் திரும்பிப் பார்த்தாள். மிக்கா கிளினிக்கில் நர்ஸாக இருந்த லிசாவின் மகள், ஆறு வயது. பிலிப்பினோ குடும்பம். லிசாவுக்கு அன்று டூட்டி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி கவிதாவிடம் விட்டிருந்தாள். காரில் இடமில்லாமல் கவிதா அவளை ஜேனின் காரில் ஏற்றிவிட்டாள். கடற்கரைக்கு வந்ததும் பிள்ளை கவிதாவிடம் போய்விட்டதாக ஜேன் நினைத்தாள். ஜேனோடு இருப்பதாகக் கவிதா நினைத்தாள்.

ஆண்கள் எல்லோரும் கைகோத்து வரிசையாகத் தண்ணீரில் இறங்கினோம். அந்த நடை இன்றும் கனவில் வருகிறது. டிசம்பர் தண்ணீர், சில்லென்றிருந்தது. வெயில் பட்டுக் கடல் முழுக்கப் பளபளத்தது, ஒன்றும் தெரியவில்லை. காலால் துழாவித்தான் தேட வேண்டும். காலில் எதுவும் தட்டிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். தட்டினால் சீக்கிரம் எடுத்துவிடலாமே என்றும் வேண்டிக்கொண்டேன். ஒரு இடத்தில் மெத்தென்று பட்டது. குனிந்து கைவிட்டேன். கடல்புல். எனக்கு ஒரு பக்கம் செந்தில், அவன் அழுதுகொண்டே நடந்தான்.

கிளென் எங்களோடு வரவில்லை. நீந்தும் எல்லைக்கு ஒரு கயிறு கட்டி மிதவைகள் போட்டிருப்பார்கள் இல்லையா, நேரே அங்கே நீந்தினார். ஒவ்வொரு மிதவையாகச் சுற்றிப் போனார். நான்காவதோ ஐந்தாவதோ, அதன் பின்னால் போனவர் அப்படியே நின்றார். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பிறகு ஒரு கையைத் தூக்கினார்.

மிக்கா கயிற்றை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்திருந்தாள். கரையிலிருந்து பார்த்தால் மிதவை அவள் தலையை மறைத்துவிடும். உதடு நீலம். விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. ஒரு தடவை கூப்பிட்டாளாம். வாயில் தண்ணீர் போனதால் பிறகு வாயைத் திறக்கவில்லையாம். ஜேன் அவளைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

லிசா யூனிஃபார்மோடு வந்து இறங்கினாள். மகளின் நாடியைப் பார்த்தாள், நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். அப்புறம் எங்களைப் பார்த்து, யார் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்டாள். செந்தில் தலையில் தொப்பி இன்னும் இருந்தது. கிளென் என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, தான் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. காத்திருந்தார். வேலை போய்விடுமோ, போலீஸ் வருமோ என்று மனம் ஓடியது. நான்தான் என்றேன். "எவ்வளவு நேரம் பார்க்காமல் இருந்தாய்?" என்று கேட்டாள் லிசா. கொஞ்ச நேரம் என்று ஏதோ உளறினேன்.

சனிக்கிழமை கேபினுக்குப் போனதும் கிளெனிடம் ஒரு கணக்கைச் சொன்னேன். நான் ஆடியது இரண்டு ஓவர், பந்து தேடியதையும் சேர்த்தால் ஆறு நிமிடம். லிசாவிடம் ஆறு நிமிடம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"ஆறு நிமிடம் நீ பேட் பிடித்த நேரம்" என்றார். "அதற்கு முன்னால் கடைசியாக எப்போது எண்ணினாய்?"

யோசித்தேன். தொப்பியை வாங்கியபோது எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ணியதாக நினைவில்லை. பந்து போகும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்படியென்றால் தெரியாது என்று சொல்."

அன்றுதான் அந்தத் தொப்பி எப்படி வந்தது என்று கேட்டேன். அவருக்குப் பதினேழு வயதில், அதே குளத்தில், ஒரு கிறிஸ்துமஸ் மதியம், சித்தப்பா மகள் ஒருத்தி மூழ்கிப் போய்விட்டாள். ஐந்து வயது. கரையில் பெரியவர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள், தன்னையும் சேர்த்து என்றார். "ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். எட்டுப் பேரும், மற்ற ஏழு பேர் பார்க்கிறார்கள் என்று இருந்தோம்." சொல்லிவிட்டு என் மேஜையிலிருந்த கேஜ் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

மதியம் கிளினிக்குக்குப் போனேன். லிசா பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி மடித்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்றேன், கடைசியாக எப்போது எண்ணினேன் என்றே தெரியாது என்றேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், இன்றிரவு தூங்கியிருப்பேன் என்றாள். பிறகு, சொன்னதற்கு நன்றி என்றாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

அதன் பிறகும் கிளெனோடு ஒத்துப்போனேன் என்று சொன்னால் பொய். அவர் ஊர் திரும்பும் வரை சண்டைதான் போட்டோம். ருவைஸில் எத்தனையோ அளவுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒன்றும் மனதில் இல்லை. லிசா கேட்ட அந்த ஒரு அளவுதான், எடுக்காமல் விட்டது, மனதில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை சோஹார் கடற்கரையில் இங்குள்ள குடும்பங்கள் எல்லாம் சாப்பிட உட்கார்ந்தோம். தண்ணீரில் ஏழு பிள்ளைகள். எனக்குத் தட்டு கொண்டுவந்து நீட்டினார்கள், நான் உட்காரவில்லை. இவ்வளவு பேர் இருக்கோமே, வாங்க சார் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் பயம் வந்துவிட்டது, தலைகளை மறுபடி எண்ணினேன். கிளெனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பயத்தைத்தான். அதை நான் சரிசெய்யப் போவதில்லை.